குடல்வாயும் சமூக வரலாறும்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு நம்மிடையே பெரும்பாலும் இரண்டு வகைகளிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. மேலைத்தேய வைத்தியத்தைக் கொண்டுவந்தோரின் வாழ்க்கை வரிசையாக அமைவது ஒன்று. சுதேச வைத்தியத்தின் பழம்பெருமையை நிறுவ முனைவது மற்றொன்று. இவ்விரு வகைகளிலும் வைத்தியன் இருக்கிறான், நூல் இருக்கிறது, மருந்து இருக்கிறது. நோயாளி மாத்திரம் இல்லை. நோயாளி எந்த நிலத்தில் உழைத்தவர், எந்த வீதியால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார், சிகிச்சை முடிந்தபின் எந்த வீட்டுக்குத் திரும்பினார் என்னும் வினாக்கள் மருத்துவத்துக்குப் புறம்பானவை என ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வாறு ஒதுக்குதல் தவறு என்பதை, ஒரேயொரு சத்திரசிகிச்சையின் வரலாற்றைக் கொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்வது குடல்வாய் அமைக்கும் சத்திரசிகிச்சையை. வயிற்றுச் சுவரிலே துவாரமிட்டுக் குடலின் ஒரு பகுதியை வெளியே கொணர்ந்து, மலம் இயல்பான வழியால் அன்றி அத்துவாரத்தின் வழியே வெளியேறுமாறு செய்வதே இது. பெருங்குடலில் அமைப்பதைக் கொலொஸ்ரமி என்றும், சிறுகுடலின் கடைப்பகுதியில் அமைப்பதை இலியொஸ்ரமி என்றும் வைத்தியசாலைகளில் வழங்குவர். துவாரத்தைக் குறிக்கும் ஸ்ரோமா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்பதே பொருளாதலின், குடல்வாய் என்னும் சொல்லை இங்குக் கையாளுகிறோம். இச்சிகிச்சை ஏன் செய்யப்படுகிறது, செய்தபின் எவ்வகைச் சிக்கல்கள் தோன்றுகின்றன என்னும் வினாக்களுக்கு மருத்துவ நூல்கள் தெளிவான விடைகளைத் தருகின்றன. அவ்விடைகள் உண்மையானவையே. ஆயின் அவை முழுமையானவையா என்பதே நமது வினா.

ஒரு சிகிச்சையின் தோற்றம்

குடலைத் தைக்கும் அறிவு கீழைத்தேயத்துக்குப் புதிதன்று. வயிற்றைக் கீறிக் குடலின் பொத்தலைக் கட்டெறும்புகளின் தலைகளைக் கொண்டு பொருத்தும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கின்றது. எனினும், குடலைத் திட்டமிட்டு வெளியே கொணர்ந்து நிலைநிறுத்தும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலேயே செயலுருப் பெற்றது. மலவாயின்றி இறந்த சிசு ஒன்றின் உடலை ஆராய்ந்த அலெக்சிஸ் லிட்ரே, 1710இல் இத்தகைய சிகிச்சை சாத்தியமெனக் கூறினார். 1776இல் பிலோர் என்னும் வைத்தியர், மலக்குடல் அடைபட்ட ஒரு வைன் வியாபாரிக்கு இதனைச் செய்தார். துவாரம் நன்கு இயங்கிற்று. ஆயினும் நோயாளி 28ஆம் நாளளவில் இறந்தார். சத்திரசிகிச்சைக்கு முன்னர் அடைப்பை நீக்குமென்று கருதி விழுங்கக் கொடுக்கப்பட்ட பெருமளவு பாதரசம் சிறுகுடலை அழுகச் செய்திருந்தது. 1793இல் டூரே என்பவர் மலவாயின்றிப் பிறந்த 3 நாட் சிசுவொன்றுக்கு இதனைச் செய்தார். அச்சிசு வளர்ந்து 45 ஆண்டுகள் வாழ்ந்தது. 1839இல் அமுசா, இடுப்பின் பின்புறத்தால் பெருங்குடலைத் திறக்கும் முறையை வெளியிட்டார். 1908இல் ஏர்னஸ்ற் மைல்ஸ், மலக்குடற் புற்றுநோயை முற்றாக அகற்றி நிரந்தரக் குடல்வாய் அமைக்கும் முறையை விவரித்தார்.

இவ்வரிசையில் மனங்கொள்ளத்தக்க அம்சம் ஒன்றுண்டு. முதல் நூறாண்டுகளுக்கு மேலாக இச்சிகிச்சையின் வெற்றி, நோயாளி பிழைத்தாரா என்னும் ஒரேயோர் அளவுகோலாலேயே மதிப்பிடப்பட்டது. பிழைத்தவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பது ஆய்வுப் பொருளாகவில்லை. துணி, பஞ்சு, தகரக் கிண்ணம், இறப்பர்ப் பை என்பவற்றால் வெளியேறும் மலத்தைத் தாங்கிக்கொண்டு, பிறர் கண்ணிற் படாது ஒதுங்கி வாழ்வதே பெரும்பாலோரின் விதியாயிற்று. இந்நிலையை மாற்றியவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்லர்; டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரென்சென் என்னும் தாதி. குடல்வாய் அமைக்கப்பட்ட தம் சகோதரி வீட்டைவிட்டு வெளியேற அஞ்சியதைக் கண்ட அவர், தோலில் ஒட்டிக்கொள்ளக்கூடியதும் பயன்படுத்தியபின் வீசிவிடக்கூடியதுமான பையை 1954இல் உருவாக்கினார். சத்திரசிகிச்சைக்கும் இப்பைக்கும் இடையே 178 ஆண்டுகள் கழிந்துள்ளன. நோயாளியின் அன்றாட வாழ்வு மருத்துவத்தின் பொருளாவதற்கு எடுத்த காலம் அது.

யுத்தம் தந்த விதி

20ஆம் நூற்றாண்டில் குடல்வாயை வெகுசன அளவிற் பரப்பியது யுத்தமாகும். சன்னமோ எறிகணைச் சிதறலோ குடலைத் துளைக்கும்போது மலம் வயிற்றறைக்குள் சிந்துகிறது. சில மணித்தியாலங்களுக்குள் வயிற்றறை அழற்சி தோன்றி, குருதி நஞ்சாகி, மரணம் நிகழ்கிறது. முதலாம் உலகயுத்தத்திற் பெருங்குடற் காயமுற்றோரில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் மாண்டனர். இரண்டாம் உலகயுத்தத்தின்போது, காயமுற்ற பெருங்குடலைத் தைத்து உள்ளேயே விடலாகாது, வெளியே கொணர்தல் வேண்டுமென்பது பிரித்தானிய, அமெரிக்கப் படைகளின் மருத்துவத்துறைகளில் கட்டளையாகவே அமைந்தது. மரண வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

இக்குறைவுக்குக் குடல்வாய் ஒன்றே காரணமன்று. குருதி ஏற்றல், கிருமியெதிர் மருந்துகள், காயமுற்றோரை விரைந்து கொண்டுசெல்லும் ஏற்பாடு ஆகியனவும் அக்காலத்திலேயே வளர்ந்தன. பின்னர், 1970களின் இறுதி முதலாக வெளிவந்த ஆய்வுகள், வசதியுள்ள வைத்தியசாலையில், தாமதமின்றி வந்துசேரும் நோயாளிகளிற் பலருக்குக் குடற்காயத்தை நேரடியாகத் தைத்துவிடுதல் பாதுகாப்பானதே என நிறுவின. இதிலிருந்து பெறப்படும் முடிபு முக்கியமானது. ஒரே காயத்துக்கு ஓரிடத்தில் குடல்வாய் வேண்டியதில்லை. மற்றோரிடத்தில் அது இன்றியமையாதது. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பன எவ்வளவு நேரத்தில் நோயாளி வந்தார், குருதி உண்டா, மயக்க மருந்து உண்டா, சிகிச்சைக்குப்பின் சில நாட்கள் கண்காணிக்கப் படுக்கை உண்டா, அந்தப் படுக்கையின்மீது எறிகணை வீழாதா என்பனவே. தைத்த இடம் விட்டுப்போனால் உடனே கண்டு மீண்டும் வயிற்றைத் திறக்க இயலாத இடத்தில், பொறுப்புள்ள வைத்தியர் குடல்வாயையே தெரிவு செய்வார். ஆகவே குடல்வாய்க்கான காரணம் குடலில் மட்டும் இல்லை. குடலைச் சூழ்ந்த சமூகத்திலும் உள்ளது.

வன்னி: தூரமும் தாமதமும்

இந்நோக்குடன் வன்னிக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கும் இப்பெருநிலப்பரப்பு குளங்களையும் காடுகளையும் நெல்வயல்களையும் கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரணைமடுக்குள நீர்ப்பாசனத்தை ஒட்டிக் குடியேற்றங்கள் உருவாகின. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல இங்கு வந்து சேர்ந்தன. அவர்களிற் பெரும்பாலோர் நிலவுடைமையாளராக அன்றி, பிறர் வயலிற் கூலிகளாகவே வாழ்ந்தனர். 1951இல் இலங்கை அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டமை உழைக்கும் மக்களுக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணமின்மை தூரத்தை இல்லாமற் செய்வதில்லை. சிறிய வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றப்படுவதற்கும் இடையே கழியும் மணித்தியாலங்களே குடலின் விதியை முடிவு செய்கின்றன.

யுத்தமற்ற காலத்திலும் இங்குக் குடல்வாய்க்குக் காரணங்கள் உண்டு. பெருங்குடலின் கடைவளைவு முறுக்கிக்கொள்ளும் நோய் அவற்றுள் ஒன்று. விரைந்து வந்தால் மலவாயினூடு குழாய் செலுத்தியே முறுக்கை நீக்கலாம். தாமதித்தால் குடல் அழுகிவிடும், அழுகிய பகுதியை வெட்டி அகற்றிக் குடல்வாய் அமைக்கவேண்டும். நெருப்புக் காய்ச்சலால் குடலில் விழும் பொத்தல், பிந்திக் கண்டறியப்படும் மலக்குடற் புற்றுநோய், பிறவிக் குறைபாடுகள், குழுவன் மாடு முட்டிய காயம் ஆகியனவும் இவ்வாறே. இந்நோய்களிற் பலவற்றில் குடல்வாயைத் தீர்மானிப்பது நோயின் பெயரைக் காட்டிலும் தாமதமேயாகும். அத்தாமதம் வீதியின், வாகனத்தின், ஒருநாட் கூலியை இழக்க இயலாமையின் வேறுபெயர்.

1990 முதல் 2002 வரை நிலவிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் முதற்கொண்டு பல மருத்துவப் பொருட்கள்வரை வன்னிக்குள் செல்வது தடுக்கப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது. 1996இல் கிளிநொச்சி வைத்தியசாலையே மக்களோடு இடம்பெயர்ந்தது. 2002இல் திறக்கப்பட்ட ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகி, புதுமாத்தளனுக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் நகர்ந்தது. அனுப்பப்பட்ட மருந்துகளும் மயக்க மருந்து முதலிய சத்திரசிகிச்சைப் பொருட்களும் தேவைக்கு மிகக் குறைவானவை என்பதை 2011இல் வெளிவந்த ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்துள்ளது. வைத்தியசாலைகள்மீது படையினர் எறிகணை வீசியமையையும், வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்தமையையும் அதே அறிக்கை ஒருங்கே சுட்டுகின்றது. இரண்டையும் ஒருங்கே சொல்லாத வரலாறு மக்களின் வரலாறாகாது.

த. சத்தியமூர்த்தி, து. வரதராஜா, வீ. சண்முகராஜா முதலிய அரச வைத்தியர்களும் தாதியரும் ஊழியரும் அந்நாட்களிற் செய்தது மருத்துவத்தின் கடைசி எல்லையில் நின்று செய்த பணி. அவ்வைத்தியர் மூவரும் 2009 மே மாதத்தில் தடுத்து வைக்கப்பட்டு ஆகஸ்டிலேயே பிணையில் விடப்பட்டனர். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு 13,000க்கும் மேற்பட்ட காயமுற்றோரையும் நோயுற்றோரையும் உடன்சென்றோரையும் கடல்வழியே திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்று கள வைத்தியசாலை அமைத்தது. வவுனியா வைத்தியசாலை தன் கொள்ளளவைப் பன்மடங்கு கடந்து நிரம்பியது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்புக்குப் பம்பைமடு ஆயுர்வேத வைத்தியசாலை பயன்படுத்தப்பட்டது.

தற்காலிகம் என்னும் சொல்

யுத்தக் காயத்துக்கு அமைக்கப்படும் குடல்வாய் பெரும்பாலும் தற்காலிகமானது. காயம் ஆறி, உடல் தேறியபின், ஏறத்தாழ 3 மாதங்களின் பின்னர், இரண்டாவது சத்திரசிகிச்சையாற் குடலை மீள இணைத்துத் துவாரத்தை மூடவேண்டும். அதாவது குடல்வாய் என்பது பாதிச் சிகிச்சை. எதிர்காலத்தில் ஒரு வைத்தியசாலை இருக்கும், அதற்குச் செல்ல வழி இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் செய்யப்படுவது.

2009 மே மாதத்தின் பின்னர் அந்த எதிர்காலம் எவ்வாறிருந்தது? 2,50,000க்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பர்வரை அவர்கள் சுதந்திரமாக வெளியேற இயலவில்லை. மெனிக் பாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. நீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நிற்கவேண்டிய, 2009 ஆகஸ்ட் மழையில் மலக்குழிகள் நிரம்பி வழிந்த இடம் அது. உடல் முழுமையாயிருந்தோருக்கே மலங்கழித்தல் மானப் பிரச்சினையாக இருந்த இடத்தில், வயிற்றில் மலம் வெளியேறும் ஒருவரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. மீள இணைக்கும் சிகிச்சை உயிரைக் காக்கும் அவசர சிகிச்சை அன்று. ஆகவே நெருக்கடியுள்ள எந்த வைத்தியசாலையிலும் அதுவே பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படும். தற்காலிக முகாம், தற்காலிகக் கொட்டில், தற்காலிகக் குடல்வாய் ஆகிய மூன்றிலும் தற்காலிகம் என்னும் சொல் ஒரே வகையிலேயே இயங்குகிறது. காலத்தை வரையறுப்பதற்கு அன்றி, கடமையை ஒத்திவைப்பதற்கே அது பயன்படுகிறது.

சிக்கல்களின் சமூக முகம்

குடல்வாயின் சிக்கல்களாக மருத்துவ நூல்கள் கூறுவன பல. சுற்றியுள்ள தோல் வெந்து புண்ணாதல், குடல்வாய் உள்ளிழுபடுதல், வெளித்தள்ளுதல், சுருங்கி அடைபடுதல், குருதியோட்டமின்றிக் கருகுதல், அதன் அருகே வயிற்றுச் சுவர் தளர்ந்து குடல் புடைத்தல், இலியொஸ்ரமி உடையோருக்கு நீரும் உப்பும் மிகையாக வெளியேறல் என்பன அவை. இவற்றிற் சில சத்திரசிகிச்சை நுட்பத்தைச் சார்ந்தவை. ஏனையவற்றை வன்னி விவசாயக் கூலியின் வாழ்க்கையில் வைத்து நோக்குவோம்.

தோல் வெந்துபோதலைத் தடுப்பது துவாரத்தின் அளவுக்குச் சரியாக வெட்டப்பட்டு இறுக ஒட்டிய பை. அந்தப் பை இறக்குமதிப் பண்டம். சத்திரசிகிச்சை ஒருமுறை இலவசமாகச் செய்யப்படுகிறது; பையோ வாழ்நாள் முழுவதும், சில நாட்களுக்கொருமுறை, தேவைப்படுகிறது. ஆகவே ஒரு நாளுக்குரிய பையைப் பல நாட்கள் கழுவிப் பயன்படுத்துவதும், அது கிடைக்காதபோது பொலித்தீன் பையையும் துணியையும் கட்டிக்கொள்வதும் வறியவரின் வழியாகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் நாடு முழுவதும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இறக்குமதிப் பண்டத்தில் தங்கியிருக்கும் உடல், நாட்டின் கடன் நெருக்கடியைத் தன் தோலிலேயே உணர்கிறது.

வயிற்றுச் சுவர்ப் புடைப்பைத் தவிர்க்கப் பாரம் தூக்கலாகாது என்பது வைத்திய ஆலோசனை. நெல்மூட்டை தூக்காமல், மண்வெட்டி பிடிக்காமல், விறகு சுமக்காமல் கூலி கிடைக்காதவருக்கு அவ்வாலோசனை பட்டினிக்கான ஆலோசனையாகிறது. வெயிலிற் செல்லாதிருங்கள், உப்பும் நீரும் நிறைய அருந்துங்கள் என்று இலியொஸ்ரமி உடையோருக்குக் கூறப்படுகிறது. வரண்ட வலயத்தின் வயல்வெளியில் நாள்முழுதும் நிற்பவரின் உடலிலிருந்து நீர் இருவழியாலும் வெளியேறுகிறது, சிறுநீரகமும் தாக்குறுகிறது. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள பிரதேசங்களுள் வவுனியாவும் ஒன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ளுதல் தகும்.

இவற்றினும் ஆழமான சிக்கலொன்று பண்பாட்டுத் தளத்தில் உள்ளது. மலத்தை அகற்றும் உழைப்பைச் சில சாதியினர்மீது சுமத்தி, அவ்வுழைப்பையும் உழைப்பாளரையும் ஒருங்கே தீட்டென ஒதுக்கிய சமூகம் நமது சமூகம். வாளி மலகூடங்கள் மறைந்தபின்னரும் அக்கருத்துநிலை மறையவில்லை. குடல்வாய் உடையவர் எச்சாதியினராயினும், தம் மலத்தைத் தம் கையால் நாள்தோறும் அகற்றவேண்டியவராகிறார். பிறர்மீது சுமத்திய இழிவு தம்மீதே திரும்புவதாக அவர் உணர்கிறார். கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் செல்லாது ஒதுங்குகிறார். இவ்வெட்கம் உடலிலிருந்து தோன்றியதன்று. சாதியமைப்பு உடலில் எழுதியது. உதவும் கை பெரும்பாலும் பெண்ணின் கையாகவே உள்ளது. குடல்வாய் உடையவர் பெண்ணாயின், அதுவும் யுத்தத்திற் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குபவராயின், உதவுவதற்கு யாருமில்லை. முள்ளந்தண்டு பாதிப்புற்றோருக்கு அழுத்தப்புண் மலத்தால் மாசுறாமல் ஆறுவதற்காக இச்சிகிச்சை செய்யப்படும்போது, பராமரிப்பவரின் சுமை ஓரளவு குறைகிறது என்பதும் கூறப்படவேண்டும். துணையிருப்பின் குடல்வாய் விடுதலையாகவும் அமையும்.

மொழியின் பொறுப்பு

இறுதியாக மொழி பற்றி ஒன்று கூறவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியுமென்று செயலில் நிறுவினார். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றினார். 1867இல் இரண வைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. அம்முயற்சியின் பின்னணியில் மதப் பிரசாரமும் குடியேற்றவாதச் சூழலும் இருந்தன என்பது உண்மை. ஆயினும், நோயும் சிகிச்சையும் மக்களின் மொழியில் பேசப்படவேண்டும் என்ற அதன் சாரம் முற்போக்கானது. கல்வியும் உத்தியோகமும் ஆங்கிலத்தின்வழி அமைந்த வர்க்க நலன்கள் அம்மரபைத் தொடரவிடவில்லை.

இதன் விளைவை நோயாளியிடம் காண்கிறோம். தனது வயிற்றில் செய்யப்பட்டதற்குத் தமிழிற் பெயர் அறியாத ஒருவர், அது மூடப்படக்கூடியது என்பதையும், மூடுமாறு கேட்கும் உரிமை தனக்குண்டு என்பதையும் எவ்வாறு அறிவார்? மருத்துவப் பீடத்தின் பணி எனக் கருதி இலக்கிய மாணவர் இதிலிருந்து ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. சொல்லாக்கம் நமது துறையின் கடமை. அது பண்டிதத் தூய்மைக்காகவன்றி, சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடும் ஏழை விவசாயி அதனைப் படித்துணர்வதற்காகச் செய்யப்படல் வேண்டும்.

வன்னி யுத்தத்தின் வரலாறு இன்று பெரிதும் இறந்தோரின் எண்ணிக்கை பற்றிய விவாதமாகவே நடைபெறுகிறது. அவ்விவாதம் அவசியமானது, நீதிக்கு அது அடிப்படை. ஆனால் உயிரோடு மீண்டோரின் உடல்களும் ஆவணங்களே. மாவட்ட வைத்தியசாலைகளில் மீள இணைக்கும் சிகிச்சைக்குக் காத்திருப்போரின் பதிவேடு பேணப்படல், பைகள் இலவச மருந்துப் பட்டியலிற் குறைவின்றி வழங்கப்படல், குடல்வாய்ப் பராமரிப்பிற் பயிற்சிபெற்ற தாதியர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நியமிக்கப்படல், பாரம் தூக்க இயலாதோருக்கு மாற்றுத் தொழில் அளிக்கப்படல் ஆகிய கோரிக்கைகள் தருமம் வேண்டும் விண்ணப்பங்கள் அல்ல. குடல்வாயின் காரணத்தைச் சமூகம் உண்டாக்கிற்று. சிக்கலையும் அதுவே வளர்த்தது. ஆதலின் சிகிச்சையின் மறுபாதியைச் செய்து முடிப்பதும் சமூகத்தின் கடனேயாகும்.